அளவு கேட்காத கடை

கூரியர் பையன் லிஜின் நீட்டிய பொட்டலத்தைக் கையில் வாங்கியதுமே பெமிலாவுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. கறுப்பு பிளாஸ்டிக் உறை. மேலே ஒட்டியிருந்த தாளில் எலிசாவின் பெயரும், சபைக்குப் பின்னால் உள்ள தெருவும்.

"டீச்சர் வீட்டுல ஆளில்லக்கா. போன் அடிச்சா எடுக்கல. இஞ்ச வச்சிட்டுப் போவட்டா?" என்று கேட்டவன், பதில் வருவதற்குள் பைக்கைத் திருப்பிவிட்டான். அந்தப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் பொட்டலங்களெல்லாம் அவள் கடைக்கு வருவது வழக்கமாகியிருந்தது. எடுக்க வருகிறவர்கள் ஒரு கர்ச்சீப்பாவது வாங்குவார்கள் என்று நினைத்து அவள்தான் முதலில் சம்மதித்தாள். வந்தார்கள், "தேங்க்ஸ்க்கா" என்றார்கள், போனார்கள்.

அவள் அழுத்திப் பார்க்கவில்லை. விரல்கள் தாமாக அறிந்துகொண்டன. அகலப் பட்டை வைத்த பிரா இரண்டு. அதற்கடியில் தனியாக இன்னொன்று. கனமாக, உறைக்குள் வழுக்கிக்கொண்டு, தொட்டால் உள்வாங்கி மெல்ல எழுந்தது. திருவனந்தபுரத்தில் மொத்தக் கடைக்காரர் ஒருவரின் கண்ணாடி அலமாரியில் அப்படியொன்றை அவள் பார்த்திருக்கிறாள். சிலிக்கானில் செய்த மார்பு.

பொட்டலத்தைக் கவுன்டருக்கு அடியில் வைத்தாள். பிறகு அது காலில் படுகிறது என்று எடுத்து மேல்தட்டில் வைத்தாள். அங்கே கண்ணில் பட்டது. மறுபடி கீழேயே வைத்தாள்.

தக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது கடை. பெண்களுக்கான உள்ளாடையும் நைட்டியும் மட்டும். மெயின் ரோட்டுத் துணிக்கடைகளில் பையன்கள் கவுன்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு, நாலு பேர் காதில் விழும்படி "சைஸ் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் அவள் இதைத் தொடங்கினாள். வருகிறவளை ஒருமுறை பார்ப்பாள். பெட்டியை எடுத்துக் கொடுப்பாள். சரியாக இருக்கும். கடலோரத்து முட்டத்திலிருந்தும் இனயத்திலிருந்தும்கூட பெண்கள் பஸ் ஏறி வந்தார்கள். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வந்த சிறுமிகள் கல்யாணத்துக்கு வந்தார்கள், பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது வந்தார்கள். சபையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களின் உடம்புகளை, பாடும்போது அவர்களுடைய குரல்களைப் பிரித்தறிவதுபோல அவள் அறிந்திருந்தாள். ஒருத்தியைப் பற்றி இன்னொருத்தியிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. இதைவிடப் பெரிய மரியாதையை ஒருவருக்கு எப்படிச் செய்ய முடியும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

எலிசா அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவள். திருவனந்தபுரத்தில் இடப்பக்க மார்பு முழுவதையும் எடுத்துவிட்டு வந்தபோது, ஊருக்கு ஏதோ கட்டி என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். கணவன் செல்வதாஸுக்கு அடுத்து முழுதும் தெரிந்தவள் பெமிலாதான். அன்று கடையை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு டிரையல் ரூமில் எலிசாவை உட்கார வைத்து, பழைய மல் துணியில் உறை தைத்து, பஞ்சு அடைத்துப் பார்த்தாள். பஞ்சுக்குக் கனமில்லை, கையைத் தூக்கினால் கழுத்துவரை ஏறியது. வீட்டுக்கு ஓடிப்போய்க் கடுகு எடுத்து வந்து, உள்ளே ஒரு சின்னப் பையாகத் தைத்து வைத்தாள். அது நின்றது.

"வேர்வையில முளைச்சிராதா ஏட்டி?" என்று கேட்டாள் எலிசா.

"முளைச்சா கீரை பறிச்சுக் கறி வைப்போம்."

எலிசா தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வர இருவரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு கடுகை மாற்ற, உறையைப் புதிதாகத் தைக்க என்று எலிசா வந்துகொண்டிருந்தாள். ஈஸ்டருக்குப் பிறகு வரவில்லை. சபையில் பார்த்தபோது கேட்டதற்கு, "பழசே கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு, கெடக்கட்டும்" என்றாள். பெமிலாவும் நம்பினாள்.

மத்தியானத்துக்கு மேல் வாடிக்கைக்காரி ஓமனா வந்தாள். சேலைக்கு மேலேயே ஒரு நைட்டியை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் சுற்றிச் சுற்றி நின்றாள்.

"கொள்ளாமா?"

"கொள்ளாம்."

ஓமனா கழுத்துப் பட்டையில் இருந்த அட்டையைப் போனில் படம் பிடித்தாள். "இதே சாமானம் போன்ல கொறவாட்டு கெடக்கு, கேட்டியா. கோவிக்காத பிள்ளே."

"கோவிச்சு என்ன செய்ய? கழத்தினத மடிச்சாவது வச்சிட்டுப் போ."

"எனக்கு மடிக்கத் தெரிஞ்சா நான் எதுக்கு நைட்டி உடுக்கேன், பட்டுல்லா உடுப்பேன்" என்று சொல்லி, சுருட்டிய நைட்டியை அவள் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

பெமிலா அதை மடித்தாள். ஓமனாமேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. ஓமனா முகத்துக்கு நேராகச் செய்கிறாள். இப்படி எத்தனையோ பேர். பக்கத்துக் கடைகள் இரண்டு ஷட்டரை இறக்கி நாளாகிவிட்டது; தன் கடையும் ஒருநாள் அப்படி ஆகும் என்று யோசித்துப் பழகியிருந்தாள். ஆனால் அந்த யோசனையில் எலிசா எப்போதும் கடைக்கு உள்ளேதான் இருந்தாள். கடைசி நாளில் ஷட்டரை இறக்கும்போதுகூட எலிசா பக்கத்தில் நிற்பாள் என்று, யோசிக்காமலே வைத்திருந்தாள்.

பள்ளிக்கூடம் விட்டபின் எலிசா வந்தாள். வானம் கறுத்திருந்தது. குடையை மடித்துக் கையில் பிடித்தபடி வாசல் மிதியடியிலேயே நின்றாள்.

"லிஜின் மெசேஜ் போட்டிருந்தான். இஞ்ச குடுத்திருக்கேன்னு."

பெமிலா பொட்டலத்தை எடுத்துக் கவுன்டர்க் கண்ணாடிமேல் வைத்தாள். "இன்னா, உனக்க சாமானம்."

"பிரிச்சுப் பாத்தியா?"

"எனக்குப் பிரிக்கணுமா?"

வெளியே ஒரு பஸ் திரும்பும் சத்தம். பேசாமல் இருந்துவிட வேண்டும் என்றுதான் பெமிலா நினைத்திருந்தாள்.

"நான் தைக்கது சரியில்லேன்னா ஒரு வாக்கு சொல்லியிருக்கலாம் எலிசா. திருவனந்தபுரத்துல ஆர்டர் போட்டு எடுத்துத் தந்திருப்பேன். உங்கிட்ட நான் காசா கேட்டேன்?"

"காசுக்காண்டியா வாங்கினேன்?"

"பொறவு?"

எலிசா குடையின் நுனியால் மிதியடியைக் குத்தினாள். "ஞாயித்துக்கிழம நான் சபைக்குள்ள வாறப்போ நீ மொதல்ல எங்க பாப்ப, தெரியுமா ஏட்டி? இங்க." நெஞ்சைத் தொடாமல் கையை மட்டும் அந்தப் பக்கம் காட்டினாள். "பொறவுதான் எனக்க மூஞ்சி."

"ஏறி இறங்கிக் கெடந்தா நாலு பேரு கண்ணுல படும்லா. அதுக்குப் பாப்பேன்."

"எனக்காண்டிதான் பாப்ப. தெரியும். ஆனா நீ பாக்குத வரைக்கும் எனக்கு அது ஓர்மையில்லாம, நெனப்பே இல்லாம இருக்கும். நீ பாத்த ஒடன ஓர்மை வந்திரும். பொறவு பிரசங்கம் முடியுத வரைக்கும் அதுதான்."

பெமிலா கவுன்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஒரு பார்வையை அவள் காத்து வைத்திருந்தாள். சரியாக இருக்கிறது என்று கண்டதும் உள்ளே ஏதோ அமர, அதன்பிறகே பாட்டுப் புத்தகத்தைத் திறப்பாள். அதைத் தன் ஜெபத்தின் ஒரு பகுதியாகவே எண்ணியிருந்தாள். அந்தப் பார்வைதான் இத்தனை நாளும் ஒருத்தியைத் துன்புறுத்தியிருக்கிறது; அவளும் ஒருதடவைகூடச் சொல்லாமல், சபை முடிந்து வெளியே வந்து, "நல்லாருக்கியா ஏட்டி" என்று கையைப் பிடித்திருக்கிறாள்.

"அளவு எப்பிடித் தெரிஞ்சு உனக்கு?" என்று கேட்டாள். கடைக்காரியின் கேள்வி.

"எப்பிடி அளக்கணும்னு போன்ல படம் போட்டிருந்து. டேப் எடுத்துக்கிட்டு கண்ணாடி முன்ன நின்னு நானே அளந்தேன். ஆப்பரேஷனுக்குப் பொறவு அன்னைக்குத்தான் நான் பாத்தேன். முழுசாட்டு." எலிசாவின் குரல் சற்று இளகியிருந்தது. "அதுக்குக் கீழ நெறைய பேரு எழுதியிருந்தாவ. என்னைப் போல உள்ளவிய. எந்த ஊருன்னுகூடத் தெரியாது. நானும் எழுதினேன். கை தூக்கும்போ இழுக்கது. ராத்திரி அந்த இல்லாத எடம் வலிக்கது. எல்லாம்."

"எங்கிட்ட வலிக்குன்னு நீ சொன்னதே இல்லியே."

"நீ ஊசியும் நூலுமாட்டு எனக்க முன்னால இருப்ப. உங்கிட்ட சிரிக்கத்தான் முடிஞ்சு."

அப்படியானால் அந்தச் சிரிப்பு? பூட்டிய கடைக்குள் கண்ணில் நீர் வரச் சிரித்தது? அதையும் எலிசா தனக்காகச் செய்து கொடுத்தாளோ, தைத்துக் கொடுத்தவளுக்குக் கூலிபோல? இனி வாங்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். நடந்து முடிந்ததையும் எலிசா திரும்ப எடுத்துக்கொண்டு போகிறாள். முகம் தெரியாத யாரோ படிக்க அவள் எழுதிவைத்த வரிகள் எங்கோ கிடக்கின்றன. இதே சந்தில், இதே கவுன்டருக்குப் பின்னால், அந்த வரிகளில் ஒன்றுக்காக பெமிலா காது கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

மழை பிடித்துக்கொண்டது. எலிசா வெளியே பார்த்தாள். பொட்டலத்தை எடுத்தாள். நின்றாள்.

"இஞ்ச ஒருக்கா போட்டுப் பாத்துக்கிடட்டா? வீட்டுல இப்ப மருமவ வந்திருப்பா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

பெமிலா அவளை நம்ப முடியாமல் பார்த்தாள். வேறு எங்கோ வாங்கிய சாமானைத் தன் கடைக்குள், தன் கண்ணாடி முன்னால். எதைக் கேட்கிறோம் என்பதே எலிசாவுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. அல்லது, கேட்கக்கூடிய ஒரே இடம் என்று இன்னும் இதைத்தான் நினைக்கிறாளோ. எதுவானாலும் வாய் மறுக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தாள்.

எலிசா உள்ளே போய்த் திரையை இழுத்துக்கொண்டாள். உறை கிழிய மறுத்து நெளியும் சத்தம் கேட்டது.

"கத்திரி இருக்கா ஏட்டி?"

முன்பெல்லாம் பெமிலா கேட்காமலே உள்ளே போவாள். இப்போது கத்திரியைத் திரைக்கு அடியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினாள். விரல்கள் வந்து வாங்கிக்கொண்டன. பிளாஸ்டிக் அறுந்தது. பிறகு துணி உரசியது. ஒரு கொக்கி மாட்டும் சின்னச் சத்தம். ஒரு நீண்ட மூச்சு. அது என்ன மூச்சு என்று பெமிலாவுக்குப் புரியவில்லை. எலிசாவின் மூச்சு ஒன்று தனக்குப் புரியாமல் போவது அதுதான் முதல்தடவை என்று நினைத்தாள்.

திரை விலகியது.

ஒரு பார்வை போதும். சரியா, தூக்கலா, பட்டை இறுக்கமா என்று உடனே தெரிந்துவிடும். பெமிலாவின் கழுத்து அந்தப் பக்கம் திரும்பத் துடித்தது. அவள் கவுன்டர்க் கண்ணாடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு கீறல். அதையே பார்த்தாள். எலிசா வந்து எதிரில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"போறேன் ஏட்டி."

"ம்."

தாழ்த்திய கண்ணுக்குக் கடையின் தரையும் வாசல்படியும் மட்டும் தெரிந்தன. சேலையின் ஓரம் நகர்ந்து போனது. பச்சை வார் வைத்த செருப்புகள் படியில் இறங்கி நின்றன. கூரையிலிருந்து விழும் தண்ணீர் அவற்றின்மேல் தெறித்தது. குடை விரியும் சத்தத்துக்காக பெமிலா காத்திருந்தாள். பாதங்கள் நனைந்துகொண்டு, சந்தின் பக்கம் ஒன்றும் கடையின் பக்கம் ஒன்றுமாகத் திரும்பியபடி, அங்கேயே நின்றன.