ஸ்வீட்டிக்கு விரித்த சரம்

தங்கை வந்து இறங்குவதற்கு முன்பே அவளுக்கான வரவேற்பு வெடித்துத் தீர்ந்துவிட வேண்டும். அதற்கு ஒரே ஒரு பச்சை வாணம் போதும். அது ஜாஸ்பின் கையில்தான் இருந்தது.

கொடுத்தவன் அண்ணன் பிராங்க்ளின். பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். கேட்டிலேயே செல்போனை வாங்கி வைத்துவிட்டு ஆளை உள்ளே விடுகிற உத்தியோகம். அந்தப் பழக்கம் வீட்டு விசேஷத்திலும் அவனை விடவில்லை.

அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் ஸ்வீட்டி கைக்குழந்தையோடு முதல்முறையாக ஆனைக்குட்டத்துக்கு வருகிறாள் என்றதும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு திட்டம் போட உட்கார்ந்தார்கள். தெரு நீளத்துக்குப் பத்தாயிரம் வாலா என்றான் பிராங்க்ளின். சரம் விரித்த இடத்தில் ஒருவர் கையிலும் போன் இருக்கக் கூடாது, எல்லாப் போனும் வீட்டுக்குள் ஒரு குண்டாவில் கிடக்கும் என்றான். அப்படியானால் கார் வருவது எப்படித் தெரியும்? மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற விலக்கில் ஒரு ஆள் நிற்க வேண்டும். கார் கண்ணில் பட்டதும் பச்சை வாணம். வானத்தில் பச்சை பூத்தால் சரத்தில் தீ.

"ஜாஸ்பின் நிக்கட்டும். அவளுக்கு இங்கன என்ன வேலை கெடக்கு?" என்றாள் அம்மா ஆரோக்கியம்.

ஜாஸ்பினுக்கா வேலை இல்லை? விருதுநகரில் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் விட்டதும் கேக் வாங்கி வர வேண்டியவள் அவள்தான். எண்ணெய் புரோட்டா வாங்கி வர வேண்டியவளும் அவள்தான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது இரவும் பகலும் சொட்டு மருந்து விட்டதும் அவள்தான். பார்க்க வந்தவர்களிடம் அம்மா சொன்னதோ, ஸ்வீட்டி போனில் சொன்னபடி நடந்ததால் கண் பிழைத்தது என்று.

பிளக்ஸ் வந்தபோது எரிச்சல் இன்னும் ஏறியது. ஸ்வீட்டி ஆள் உயரத்துக்குச் சிரித்தாள். குழந்தைக்குத் தனியாக ஒரு வட்டம். அடியில் 'வரவேற்கும் உள்ளங்கள்' வரிசையில், பந்தல் போட வந்த பால்துரைக்கும் பின்னால், தபால்தலை அளவில் ஜாஸ்பின். ஆதார் கார்டுக்கு எடுத்த படம்.

அவளும் ஒரு நாள் வீடு திரும்பியவள்தான். பாளையங்கோட்டை விடுதியில் படித்து முடித்துப் பெட்டியோடு வந்து இறங்கிய அன்று வீட்டில் பூட்டுத் தொங்கியது. எல்லோரும் ஸ்வீட்டியின் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போயிருந்தார்கள். வாசற்படியில் உட்கார்ந்திருந்தவளை எதிர்வீட்டு நாய் மட்டும் வந்து மோந்து பார்த்தது.

இத்தனை திட்டத்தில், சத்தத்துக்குப் பிள்ளை பயந்துகொள்ளாதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. சோதனை வெடிச் சத்தத்திலேயே தொட்டிலில் தூங்கிப் பழகிய ஊர். இங்கே சத்தம் நின்றால்தான் பிள்ளைகள் முழித்துக்கொள்ளும்.

பொழுது சாயும் நேரம். விலக்கில் ஸ்கூட்டியோடு நின்ற ஜாஸ்பினின் போன் அதிர்ந்தது. ஸ்வீட்டியிடமிருந்து குரல் செய்தி. மகாராணி எதுவரை வந்திருக்கிறாள் என்ற அறிவிப்பாக இருக்கும். தொடாமல் பைக்குள் போட்டாள்.

வெள்ளைக் கார் ஒன்று வேகம் குறையாமல் சிவகாசிப் பக்கம் பறந்தது. சாக்குக் கிடைத்துவிட்டது. அந்தக் கார் என்று நினைத்துவிட்டேன் என்றால் யார் என்ன சொல்ல முடியும்? ஊதுபத்தியைத் திரியில் வைத்தாள்.

வானத்தில் பச்சை பூத்தது. மறு நொடி ஊருக்குள் சரம் பிடித்துக்கொண்டது.

அம்மாவின் முகம் வாடுவதை நேரில் பார்க்க வேண்டும் என்று ஸ்கூட்டியை முறுக்கினாள். தெருவுக்குள் நுழைந்தபோது கடைசி வெடிகள் அதிர்ந்துகொண்டிருந்தன. ஆளுக்கு ஆள் தெரியாத புகை. புகைக்குள் ஸ்கூட்டியின் வெளிச்சம் தெரிந்ததும், கார்தான் என்று பேண்டு செட் முழங்கியது. மாடியிலிருந்து ரோஜா இதழ்கள் கொட்டின. தலையில், தோளில், மடியில் எல்லாம் பூ. ஜாஸ்பின் தன்னை மறந்து சிரித்துவிட்டாள்.

மாலையை ஏந்தியபடி அம்மா ஓடி வந்தாள். கழுத்துக்குக் கொண்டுவந்த கை அப்படியே நின்றது.

"நீயா?" என்றாள். மாலை கீழே இறங்கியது.

வெள்ளைக் கார் கதையை ஜாஸ்பின் சொன்னாள். பிராங்க்ளின் இன்னொரு சரம் எடுத்துவரப் பால்துரையை விரட்டினான். அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் உண்மையான கார் வந்து நின்றது. புகை அடங்கிய தெருவில் சிவப்புக் காகிதக் குப்பைதான் விரிந்து கிடந்தது.

ஸ்வீட்டி இறங்கினாள். தோளில் பிள்ளை அசந்து தூங்கியது. குப்பையைப் பார்த்தாள். பிறகு அம்மாவைத் தாண்டி, அண்ணனைத் தாண்டி, நேராக வந்து ஜாஸ்பினைக் கட்டிக்கொண்டாள்.

"ஏர்போர்ட்ல ஒரு பெட்டி விழுந்த சத்தத்துக்கே பிள்ள மூச்சு முட்ட அழுதாம்மா. வெடி வேணாம், எப்படியாச்சும் தடுத்துருன்னு அக்காவுக்குத்தான் மெசேஜ் போட்டேன். நான் வர்றதுக்குள்ள மொத்தத்தையும் வெடிச்சுத் தீத்துட்டா பாருங்க."

அம்மா ஜாஸ்பினின் கன்னத்தைத் தடவினாள். "எனக்குத் தோணலியேட்டி. மூத்தவளுக்குல்ல புத்தி இருந்துருக்கு."

எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த கை அது. அதுவும் இன்றைக்கு ஸ்வீட்டி வாங்கிக் கொடுத்துத்தான் கிடைக்க வேண்டுமா?

பிராங்க்ளின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "மெசேஜ் வந்துச்சுன்னா என்ட்ட வந்து சொல்ல வேண்டியதுதான? வெள்ளக் கார்னு ஏன் சொன்ன?"

"சொல்லிருந்தா விரிச்ச சரத்தச் சுருட்டிருப்பியாண்ணே?"

"அந்த மெசேஜ எனக்கும் போட்டுக் காட்டு."

கேட்கப்படாத செய்தி பைக்குள் கனத்தது. ஜாஸ்பின் விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்ப் போனைக் குண்டாவில் போட்டாள். "இன்னொரு சரம் வருதுல்ல. போன் கூடாதுன்னது நீதான?" என்றாள், பின்னாலேயே வந்தவனிடம். அவள் அந்தச் செய்தியைக் கேட்கவே இல்லை என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனால், தூங்குகிற பிள்ளையை வைத்துக்கொண்டு யாரிடம் என்ன சொல்ல?

கேக்கைச் சுற்றிக் கூட்டம் கூடியது. மாலை சேர வேண்டிய கழுத்தில் சேர்ந்தது. ஸ்வீட்டி மட்டும் அக்காவைத் தேடி வந்து, அவள் தலைமுடியில் சிக்கியிருந்த ரோஜா இதழை எடுக்கக் கை நீட்டினாள்.

ஜாஸ்பின் தலையை விலக்கிக்கொண்டாள்.

"இருக்கட்டும். இது எனக்கு விழுந்தது."