பேச்சாயி போட்ட எப்.சி.

நத்தம் சாலை ஏற்றத்தில் பேச்சாயி வெளுத்துக் காயப்போடும் வேட்டிகளுக்கும், அந்த வழியாகப் போகும் மைதீன் பிச்சையின் டீசல் பஸ்ஸுக்கும் ஏழாம் பொருத்தம். ஒவ்வொரு நடைக்கும் கரும்புகையைக் கக்கி, வெள்ளையெல்லாம் கரித்துணியாக்கிவிட்டுத்தான் அது போகும். பேகம்பூரில் நாலு வீட்டார் ஏற்கெனவே வேறு ஆளுக்குத் துணி போட ஆரம்பித்துவிட்டார்கள். இன்னும் நாலு வீடு போனால் அவள் அடுப்பில் பூனைதான் தூங்கும்.

டிரைவர் நல்லுசாமியிடம் சொன்னால், "பஸ்ஸுன்னா புகையத்தான் செய்யும். கொடியத் தள்ளிக் கட்டு ஆத்தா" என்பான்.

"கிணத்தையும் தள்ளி வெட்டித் தாரியா அப்பு?"

1963இல் வருஷப் பரிசோதனைக்குப் பிரேக் இன்ஸ்பெக்டர் ஏற்றத்தடிக்கு வந்தார். அவர் எழுதித் தரும் எப்.சி. என்ற தகுதிச் சான்று இல்லாமல் பஸ் ஓடக் கூடாது. பேச்சாயியும் கறுத்த வேட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் நின்றாள். நல்லுசாமி எஞ்சினை உறுமவிட்டான். மருந்துக்குக்கூடப் புகை இல்லை. இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்துவிட்டார்.

காலையில் புகை வராதிருக்க அவன் டீசல் பம்பின் திருகைக் குறைத்ததைக் கண்ணால் பார்த்தவள் பேச்சாயி.

"ஐயா, வெறும் வண்டியில என்ன பாக்குறீக? ஆளேத்தி, ஏத்தத்துல ஓட்டச் சொல்லுங்க!"

ஓசிச் சவாரி என்றதும் வேடிக்கை பார்த்த நாற்பது பேரும் முண்டியடித்து ஏறினார்கள். பாதி ஏற்றத்தில் பஸ் நின்றது. டீசலைக் குறைத்தால் இழுவை எங்கிருந்து வரும்?

"ஏறாத வண்டிக்கு எப்படிய்யா எழுதித் தர்றது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

திருதிருவென்று முழித்த நல்லுசாமி, இறங்கித் திருகைப் பழையபடி கூட்டினான். பஸ் ஏறியது, புகையும் கிளம்பியது. பின்னால் நின்ற இன்ஸ்பெக்டரின் சட்டை அமாவாசையாகிவிட்டது. பஸ்ஸைப் பட்டறைக்கு விரட்டினார்.

பத்து நாள் கழித்து, பம்பைச் சரிபார்த்த பஸ் ஆட்களோடு வந்து கொடிக்கு முன்னால் நின்றது.

"இன்ஸ்பெக்டரு எழுதிக் குடுத்துட்டாரு ஆத்தா" என்றான் நல்லுசாமி.

"அவரு வருசத்துக்கு ஒருக்கா வாராரு. நான் தெனம் இங்ஙனதான கெடக்கேன்" என்றவள், வெளுத்த வேட்டி ஒன்றை எடுத்துப் புகைக்குழாய்க்குப் பின்னால் விரித்துப் பிடித்தாள். "எஞ்சின முறுக்கு அப்பு!"

ஜன்னலெல்லாம் தலைகள். இன்ஸ்பெக்டர் முன்னால்கூட நல்லுசாமிக்கு இப்படி வியர்த்ததில்லை. பேச்சாயி வேட்டியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பொட்டுக் கறுப்பு இல்லை. சந்தோஷம் தாங்கவில்லை; ஆனாலும் முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

"ம், போகலாம். அடுத்த வெள்ளிக்கெழம திரும்பக் கொண்டாந்து காட்டு."