மேகமலை அடுப்புக்கு ஆறாவது ரிப்பேர்

ஒரு அடுப்பு ஒரே மாதத்தில் ஐந்து தடவை கெட்டுப்போகுமா? கெட்டுப்போகும் என்றுதான் என் வீட்டுக்காரர் சொன்னார். ஐந்து தடவையும் குளித்து, மீசைக்கு டை அடித்து, இஸ்திரி போட்ட சட்டையில் மேகமலைக்கு வண்டி எடுத்தார். கரி அள்ளப் போகிறவருக்கு இஸ்திரிச் சட்டை எதற்கு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் பெயர் வேல்பாண்டி. காமயகவுண்டன்பட்டியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களில் விறகு எரிக்கிற உலையோ புகைக்குழாயோ மக்கர் பண்ணினால் வண்டன்மேடு வரைக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இந்த அடுப்பு வேறு ரகம். மேகமலையில் பழைய பங்களா ஒன்றை வாங்கித் தங்கும் விடுதி நடத்துகிற ஹேமாவதியுடையது. அல்லிநகரத்துக்காரி, பேங்க் வேலையை விட்டவள், நாற்பது வயது, தனியாள். கடைசி இரண்டு விவரமும் என் தூக்கத்தைக் கெடுத்தன.

ஆறாவது தடவை போன் வந்தது ஒரு சனிக்கிழமை காலை.

"புகை திரும்பவும் ரூமுக்குள்ள வருதாம்," என்றார்.

"நானும் வாரேன்."

"நீ எதுக்கு?"

"குளிர் பாக்க."

வண்டியில் அவர் பின்னால் ஏறிக்கொண்டேன். செக்போஸ்ட்டில் ஃபாரஸ்ட் கார்டு அவருக்கு சல்யூட் வைத்துத் தடுப்புக் கம்பைத் தூக்கினார். அந்த அளவுக்குப் பழக்கமாகியிருந்தது.

ஹேமாவதி வாசலுக்கே வந்து, "வாங்க வேல்பாண்டி சார்," என்றாள். சாராம், சார். அவளை அழகி என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லாவிட்டாலும் அழகிதான். எனக்கு நாற்காலி போட்டாள், சுக்குக் காப்பி கொடுத்தாள், பிள்ளைகளைப் பற்றி விசாரித்தாள். குறை சொல்ல இடம் கொடுக்காதவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

அடுப்பு ஹாலின் மூலையில் இருந்தது. கண்ணாடிக் கதவு வைத்த இரும்புப் பெட்டி, முப்பது வயதான வெளிநாட்டுச் சரக்கு. அவர் மேல்தகட்டைக் கழற்றி, தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையான பீங்கான் கட்டி ஒன்றை வெளியே எடுத்தார். புகையைப் பிடித்து எரித்துச் சூடாக்குவது அதன் வேலையாம். ஓட்டையெல்லாம் கரி அடைத்துக் கிடந்தது. அவர் மெல்லிய பிரஷால் தட்டத் தட்ட, அவள் பக்கத்தில் முட்டி போட்டு டார்ச் அடித்தாள்.

"எதனால அடைக்குது சார்?"

"விறகு ஈரமா இருக்கும்."

"நீங்க சொன்னபடி காஞ்ச விறகுதான் சார் போடுறேன்."

"அப்ப கதவச் சுத்தி ஒட்டுன கயிறு காத்து வாங்குதோ என்னமோ."

"அதத்தான் மூணாந்தடவ வந்தப்ப மாத்துனீகளே."

இரண்டு தலையும் முட்டிக்கொள்ளாத குறையாகக் குனிந்திருந்தன. நான் எழுந்துபோய், "அத மாட்டுங்க. அவுகளே பத்த வைக்கட்டும், தெனம் வைக்கிற மாதிரி," என்றேன். அவளைப் பக்கத்திலிருந்து கிளப்பத்தான் சொன்னேன். வேறு யோசனை ஒன்றும் கிடையாது.

அவள் சுள்ளியைப் பற்ற வைத்தாள். நாலு சுள்ளி பிடித்ததுமே பக்கவாட்டுக் கைப்பிடியைத் தள்ளி அடைத்தாள். புகை குபுகுபுவென்று கதவிடுக்கில் வந்தது. மூன்று பேரும் இருமினோம்.

"எத அடைச்சீக இப்ப?" என்று கேட்டேன்.

"புகை நேரா மேல போற வழிய. அத அடைச்சாத்தான் புகை தேன்கூட்டுக்குள்ள போகும்."

"அதுக்கு இம்புட்டு அவசரமா?"

"தீ பிடிச்சதும் அடைச்சிரணும்னு வேல்பாண்டி சார்தான் சொன்னாக."

எனக்கு விளங்கிவிட்டது. ஏலக்காய் ஸ்டோரில் அதுதான் வழக்கம். தீ பிடித்ததும் புகைக்கூண்டுத் தகட்டை அடைத்துச் சூட்டை உள்ளே நிறுத்துவார்கள். திறந்து போட்டால் விறகு வீண் என்று போனில் வேலையாட்களை இவர் வைவது வீட்டில் எனக்கு மனப்பாடம். அந்தக் கைப்பழக்கத்தை அப்படியே இவளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அடுப்பின் தலையில் சூடு காட்டுகிற முள், பச்சைக் கோட்டுக்கு வெகு கீழே கிடந்தது.

திரும்பும் வழியில் அவரிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் அவரை அவள் அண்ணாந்து பார்க்கிற பார்வையை அங்கேயே உடைக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

"கோளாறு அடுப்புல இல்ல, சொல்லிக் குடுத்தவர்ட்ட," என்று சத்தமாகவே சொன்னேன். "முள்ளு பச்சைக்கு வரட்டும், பெறகு அடைங்க. சில்லுனு கெடக்க தேன்கூட்டுல புகைய விட்டா கரி அடைக்காம என்ன செய்யும்?"

கைப்பிடியைத் திறந்து வைத்துக் காத்திருந்தோம். இருபது நிமிடத்தில் முள் பச்சையைத் தொட்டது. அடைத்தாள். கதவிடுக்கில் புகை வரவில்லை. தேன்கூடு செக்கச்செவேலென்று கனன்றது. வெளியே போய்ப் பார்த்தேன், கூரைக்குழாயிலும் புகை இல்லை.

திரும்பி வந்தபோது அவர் ஸ்பேனர்களைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். ஹேமாவதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தன நாளா எங்க இருந்தீகக்கா?" என்று என் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள். அவர் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நான் ஜெயித்துவிட்டேன்.

இறக்கத்தில் ஒரு வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கேட்டேவிட்டேன்.

"அவ மேல ஆசையா உங்களுக்கு?"

அவர் கோபப்படவில்லை. "அதெல்லாம் இல்லத்தா. வேல பாக்கயில பக்கத்துல உக்காந்து, இது என்ன, அது எதுக்குன்னு கேட்டாக. இருவது வருசத்துல நீ பட்டறைக்குள்ள வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கியா?"

ஆசை என்று சொல்லியிருந்தால் திரும்பப் போய் அவளை ஒரு பிடி பிடித்திருப்பேன். இதற்கு யாரைப் பிடிப்பது?

வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும், "அந்தத் தேன்கூட்டுல புகை எப்புடிங்க எரியும்?" என்றேன்.

சொல்ல ஆரம்பித்தவர் சின்னமனூர் வரும் வரை நிறுத்தவில்லை. பீங்கான் மேல் விலை கூடின உலோகம் ஏதோ பூசியிருக்கிறதாம். ஓரளவு சூடு ஏறிவிட்டால் புகை தானே பற்றிக்கொள்ளுமாம். அந்தச் சூடு ஏறுவதற்குள்தான் அவர் அடைக்கச் சொல்லியிருந்தார். நான் அதைச் சொல்லிக்காட்டவில்லை. இவ்வளவு நன்றாகப் பேசுவார் என்று எனக்குத் தெரியாது. முதுகில் சாய்ந்து கேட்டுக்கொண்டே வந்தேன். எங்கேயும் தடுமாறாமல், ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். ஏற்கெனவே ஒருத்திக்குச் சொல்லிப் பழகியிருந்தார்.