பண்டாரவளைக்கு ஒரு கார்

பதுளைக் கடைவீதியில் தர்மலிங்கத்தின் துணிக்கடைக்குப் பின்கட்டில்தான் குடும்பம் இருந்தது. மூத்தவர் தர்மலிங்கமும் அவர் மனைவி பூவம்மாவும், இளையவன் தங்கராஜாவும் அவன் மனைவி சரஸ்வதியும் என்று நான்கு பேர். பெரியவர்கள் இந்தியாவில் சொந்த ஊரிலேயே காலமாகிவிட்டதால் வீட்டுக்கு மூத்தவள் பூவம்மாதான். யார் எங்கே பிரயாணம் போனாலும் நாள் பார்ப்பது, மூட்டை கட்டுவது, கட்டுச்சோறு பிசைவது, வண்டிக்குச் சொல்லிவிடுவது எல்லாம் அவள் பொறுப்பு. பிள்ளையில்லாத அவளுக்கு அந்த வீட்டில் பிடித்து நிற்க ஒரு தூண் இருந்தது என்றால் அது இந்தப் பொறுப்புதான்.

ரயில் பண்டாரவளையோடு நின்றுவிட்ட காலம் அது. அங்கிருந்து பதுளைக்குப் பதினெட்டு மைல். மாட்டு வண்டியில் புறப்பட்டால் ஒரு பகல் முழுவதும் அந்த ரோட்டுக்கே போய்விடும்.

அந்த வருஷம் பங்குனியில் சரஸ்வதிக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் என்பதால் பண்டாரவளையில் கடை வைத்திருந்த அவளுடைய அப்பா வீட்டுக்கு அவளைக் கொண்டுபோய் விடவேண்டும். வளைகாப்புக்கு ஐந்து வகைச் சோறும் பூவம்மாதான் சமைத்தாள். விடியற்காலையிலிருந்து அடுப்படியில் வெந்துவிட்டு, முகம் கழுவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது, வந்திருந்த பெண்கள் மூன்று பிள்ளை பெற்ற ஒருத்தியைத் தேடிப்பிடித்து முதல் வளையலைப் போடச் சொன்னார்கள். இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே போயின. கடைசியில் யாரோ நினைத்துக்கொண்டு, "பூவம்மா, நீயும் ஒண்ணு போடு தாயி" என்றார்கள். அவள் போட்டாள். சரஸ்வதியின் கை வளையலுக்குள் நழுவிப் போன விதத்தைப் பார்த்து, இவளுக்கு எல்லாமே இப்படித்தான் வழுக்கிக்கொண்டு போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பிடும்போது தர்மலிங்கம் இலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"மொஹிதீன் முதலாளிகிட்ட பேசிட்டேன். வெள்ளிக்கிழமை அவரு மோட்டார் காரு சும்மாதான் நிக்குது. சரசுவை அதுலயே அனுப்பிரலாம்."

மொஹிதீன் முதலாளியின் காரை பதுளையில் தெரியாதவர் கிடையாது. சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து வாங்கியது. பித்தளை விளக்கும் மடக்குகிற கித்தான் கூரையுமாக அது கடைவீதியில் வந்தால் வியாபாரம் ஒரு நிமிஷம் நின்றுவிடும். அதில் ஏறிப் போவதற்குத் துரைமாரும் டாக்டரும் பெரிய கங்காணிமாரும்தான் இதுவரை கொடுத்து வைத்திருந்தார்கள்.

குழம்புக் கரண்டி பூவம்மாவின் கையில் அப்படியே நின்றது. உள்ளறைக் கதவுக்குப் பின்னால் சரஸ்வதி சிரிப்பை அடக்கிக்கொள்வது கேட்டது. பூவம்மா கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் இந்த மனுஷர் தனக்கென்று ஒரு தடவை எங்கேயாவது போய் எதையாவது பேசிவிட்டு வந்ததுண்டா? அப்புத்தளையில் அம்மா கிடையில் கிடந்தபோதுகூட, "வண்டிக்குச் சொல்லிக்க" என்றுதானே சொன்னார்?

"வெள்ளிக்கிழமையா? பிள்ளைத்தாச்சிப் பொண்ணை வெள்ளிக்கிழமை வீட்டை விட்டு அனுப்புறதா? நல்லாருக்கே" என்றாள்.

தர்மலிங்கம் கை கழுவப் போனார்.

அன்று சாயங்காலமே அவள் தங்கராஜாவைப் பிடித்துக்கொண்டாள். அவன் பயந்த சுபாவம். மதினி சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவன்.

"தம்பி, நான் சொல்லணும்னு சொல்லலை. தெமோதரைக்கு மேல ரோடு எப்படி வளையுதுன்னு உங்களுக்கே தெரியும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் அதலபாதாளம். மாடுன்னா பயந்து நிக்கும். மோட்டாருக்கு ஏது பயம்?"

"டிரைவர் ஜௌபர் நல்லா ஓட்டுவாருன்னு சொல்றாங்களே மதினி."

"ஓட்டட்டும். அந்த எண்ணெய் நாத்தம்? பசறைப் பக்கம் ஒரு பெரிய கங்காணி அதுல போய்ட்டு மூணு நாள் குடலைப் புடுங்கிக்கிட்டுக் கெடந்தாராம். ஆம்பிளைக்கே அப்படின்னா வயித்துப் பிள்ளை என்னத்துக்கு ஆகும்?"

பசறைக் கங்காணிக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. அவர் காரிலிருந்து இறங்கி இரண்டு தடவை வாந்தியெடுத்தார், அவ்வளவுதான். ஆனால் தங்கராஜாவின் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, புதன்கிழமை காலையில் அண்ணனிடம் போய் வண்டியே போதும், நாளைக்கே புறப்பட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டான்.

சரஸ்வதி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அப்பாவின் கடை வாசலில் காரில் போய் இறங்குவதைப் பற்றி அவள் பக்கத்து வீட்டு ரஹ்மத்தும்மாவிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். எந்தச் சேலை கட்டுவது என்றுகூட முடிவு செய்திருந்தாள். அவளுடைய சிவந்த மூக்கைப் பார்த்தபோது பூவம்மாவுக்கு வெயிலில் நடந்து வந்து மோர் குடித்தமாதிரி இருந்தது. அன்று சமையல்கூட நன்றாக அமைந்தது.

மத்தியானம் வண்டிக்காரர் கூண்டு வண்டியைக் கொண்டுவந்து பின்பக்கச் சந்தில் நிறுத்தினார். எப்போதும்போல பூவம்மாதான் பார்த்து வாங்கினாள். புதிய வைக்கோல் பரப்பி, அதன்மேல் சாக்கும் ஜமுக்காளமும் விரித்து, அதற்கு மேலே இரண்டு மெத்தையும் போட்டாள். சரஸ்வதி சாய்ந்துகொள்ளத் தலையணையை எந்தப் பக்கம் வைப்பது என்று பார்க்கத் தானே ஏறி உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் திருப்பி நிறுத்திக்கிறேன்" என்று சொல்லி வண்டிக்காரர் மாட்டை முடுக்கினார். சந்தின் ஓரத்துச் சாக்கடைக் கானுக்குள் ஒரு சக்கரம் இறங்கி ஏறியது. ஒரு சாண் பள்ளம்கூட இராது. ஆனால் பூவம்மாவின் இரண்டு கைகளும் அவளைக் கேட்காமலே அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டன.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு வண்டி. அப்புத்தளையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு, பண்டாரவளையில் ரயிலை விட்டிறங்கிப் புருஷனோடு திரும்பி வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். வானம் கறுத்திருந்தது. தெமோதரை தாண்டிய இறக்கத்தில் வண்டி ஓடத் தொடங்கியது. ஹாலிஎலைக்கு முந்திய மதகில் சக்கரம் தூக்கிப் போட்டது. அப்போதே ஏதோ அறுந்தமாதிரி ஒரு வலி. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துபோனது. காய்ச்சலில் கலைந்துவிட்டது என்று ஊருக்குச் சொன்னார்கள். பிறகு அந்தப் பேச்சே வீட்டில் எழவில்லை. வயிறும் மறுபடி திறக்கவில்லை.

அந்த ரோடு வண்டிக்குள் இருக்கும் வயிற்றை என்ன செய்யும் என்று இந்த வீட்டில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள்தான் சரஸ்வதிக்கு மெத்தை விரித்துக்கொண்டிருக்கிறாள்.

தெரியாமல் செய்தேன் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். அந்தச் சொல் நிற்கவில்லை. வண்டி என்று வாயைத் திறந்த அன்றைக்கே அந்த மதகு அவள் ஞாபகத்தின் ஓரத்தில் நின்றுகொண்டுதான் இருந்தது. அவள்தான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருந்தாள்.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாளோ, தர்மலிங்கம் கடையிலிருந்து வந்து வண்டியின் பின்னால் நின்றார். வண்டிக்காரர் தேத்தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்.

"எறங்கலையா?"

"என்னங்க, வண்டி வேண்டாம். காரையே பேசிருங்க."

அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். "மொஹிதீன் முதலாளிகிட்ட வேண்டாம்னு நான் இன்னும் சொல்லலை" என்றார்.

"ஏன்?"

"சொல்ல மனசு வரலை." கூண்டின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு மழை வருதுன்னு வண்டியை வெரட்டச் சொன்னது நான்தான். நீ அரைத் தூக்கத்துல இருந்த. உனக்குத் தெரியாது. மெதுவாப் போயிருந்தா நனைஞ்சிருப்போம், அவ்வளவுதான். தம்பி பொண்டாட்டி முழுகாம இருக்கான்னு கேட்ட அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், அந்தப் பொண்ணை அந்த ரோட்டுல வண்டியில அனுப்புறதில்லைன்னு."

பூவம்மா அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது வேறு.

"பதினாலு வருஷமா இதை என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"எப்படிச் சொல்றது?"

"அவளுக்காகக் காரு பேச மட்டும் தெரிஞ்சுது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பூவம்மாவுக்கு நெஞ்சு எரிந்தது. இந்த மனுஷர் இத்தனை வருஷமாக ஒரு வருத்தத்தைச் சுமந்திருக்கிறார். அது அவளுக்கு வந்து சேரவேண்டியது. அவளுடைய பிள்ளைக்காகப் பட்ட வருத்தம். அதைக்கூட எடுத்துக் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் காலடியில் காராக நிறுத்திவிட்டாரே. சரஸ்வதியின் மேல் அதுவரை பட்ட பொறாமையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. ஆனாலும் அவள் இறங்கினாள். ஜமுக்காளத்தை உதறி மடித்தாள். வண்டிக்காரரைத் திருப்பி அனுப்பச் சொன்னாள்.

சரஸ்வதி கூடத்தில் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை காருலயே போ சரசு. காலையில ஏழு மணிக்குப் புறப்பட்டா வெயிலுக்கு முந்தியே போயிரலாம்."

சரஸ்வதி நிமிர்ந்து பார்த்தாள். "வெள்ளிக்கிழமை ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க அக்கா?"

"சொன்னேன். அதெல்லாம் ஒண்ணுமில்லை. பொறாமையில சொன்னேன்."

அந்தப் பெண் அதை எதிர்பார்க்கவில்லை. கையிலிருந்த சேலையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"வண்டியில போகச் சொன்னதும் அதாலயா?"

"ஆமா. வண்டியில போயித்தான் எனக்குக் கலைஞ்சுது. தெரிஞ்சுதான் சொன்னேன்."

சரஸ்வதி எழுந்தாள். வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனாள். திட்டியிருந்தால் பூவம்மா தாங்கியிருப்பாள். அந்த இரண்டு அடிதான் பொறுக்க முடியவில்லை. பிறகு சரஸ்வதி மெல்லிய குரலில், "காருல எனக்குத் துணைக்கு ரஹ்மத்தும்மா வரட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கார் கடை வாசலில் வந்து நின்றது. எதிர்க்கடைக்காரர்கள், மிளகாய் மண்டி ஆட்கள், சந்தைக்கு வந்த தோட்டத்துச் சனங்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். சரஸ்வதி தான் முடிவு செய்து வைத்திருந்த மாம்பழ நிறச் சேலையில் பின்னால் ஏறினாள். பக்கத்தில் ரஹ்மத்தும்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தங்கராஜா முன்னால் ஏறினான். சரஸ்வதி பூவம்மாவின் பக்கம் பார்க்கவே இல்லை.

பூவம்மா கட்டுச்சோற்றுத் தூக்கையும் எலுமிச்சம்பழத்தையும் ரஹ்மத்தும்மாவிடம் கொடுத்தாள். பிறகு சுற்றிக்கொண்டு போய், சாரதி ஜௌபர் பக்கத்தில் நின்றாள்.

"ஹாலிஎல தாண்டி ஒரு மதகு வரும். அதுக்கு முந்தியே வேகத்தைக் கொறைச்சிருங்க. மதகு ஒசந்தும் ரோடு தாழ்ந்தும் இருக்கும். அதுக்கப்புறம் ஒரு பாறை ரோட்டுக்குள்ள துருத்திக்கிட்டு நிக்கும். அதை வலது கைப் பக்கமா விலக்குங்க. தெமோதரையில நிறுத்தி அந்தப் பொண்ணைக் கொஞ்சம் நடக்க விடுங்க. அதுக்கு மேல தேயிலைக் காட்டுக்கு நடுவுல ரோட்டைக் குறுக்க வெட்டித் தண்ணி விட்டிருப்பாங்க. மூணு எடம். மூணாவது கண்ணுக்குத் தெரியாது. ஒரு தனி முருங்கை மரம் வந்ததும் நிறுத்தி, ஊர்ந்து போங்க."

ஜௌபர் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. "இந்த ரோட்டுல ஒரு வருஷமா ஓட்டுறேன் அம்மா. அந்த மூணாவது எடத்துல ரெண்டு தடவை டயரைக் கொடுத்திருக்கேன். முருங்கை மரத்தை இன்னைக்குத்தான் கேக்குறேன்" என்றார். மறுபடி ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

கார் உறுமியது. புறப்படும் நேரத்தில் சரஸ்வதி தலையைத் திருப்பினாள். "போய்ட்டு வர்றேன்" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

அந்த நாள் முழுவதும் பூவம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் கார் திரும்பி வந்து, நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்கள் என்று ஜௌபர் சொன்ன பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தாள். தர்மலிங்கம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, எப்போதும் செய்யாதபடி வெங்காயம் உரித்துக் கொடுத்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, பேசவும் இல்லை. அவரோடு பேச அவளுக்கு இன்னும் ஒரு வாரம் ஆனது. பேசத் தொடங்கியபோது இருவரும் கலைந்துபோன அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் பேசினார்கள். முதல் தடவையாக.

ஆனி மாதம் சரஸ்வதிக்குப் பெண் பிறந்தது. முப்பதாம் நாள் கழிந்ததும் தங்கராஜா பண்டாரவளையிலிருந்து வந்து, "மதினியை வரச் சொன்னா" என்றான். தர்மலிங்கம் கடையைப் பூட்டிவிட்டு மனைவியோடு புறப்பட்டார்.

சரஸ்வதி கட்டிலில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் உள்ளங்கால் இரண்டும் ரோஜா நிறத்தில் இருந்தன. அதைப் பார்த்ததும் பூவம்மாவுக்குள் பழைய நெருப்பு மூலையிலிருந்து எழுந்து உட்கார்ந்தது. அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

சரஸ்வதி அவள் முகத்தையே பார்த்தாள்.

"இன்னும் இருக்கா அக்கா?"

"இருக்கு" என்றாள் பூவம்மா.

சரஸ்வதி தலையசைத்தாள். குழந்தையின் வாயைத் துடைத்துத் துணியில் சுற்றினாள்.

"காலையிலேர்ந்து இவ என்னைச் சாப்பிட விடலை. கொஞ்ச நேரம் வச்சிருங்க" என்று சொல்லி, இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள்.