லுக் பத்து

திருவள்ளூர்க் கோயிலில் பாசுரம் சேவிக்கும் உரிமை, தாயாதிகளிடையே பிரிந்து பிரிந்து, ஸம்பத்குமாருக்கு ஆண்டில் ஒரு மாதமாகச் சுருங்கியிருந்தது. மற்ற மாதங்களிலும் பசித்தது. ஆகவே, எழுபதுகளின் இறுதியில் கும்மிடிப்பூண்டியில் எழுந்த உருக்காலை ஒன்றில் குமாஸ்தா தேவை என்ற விளம்பரத்தைக் கண்டதும் விண்ணப்பித்தார். ஆங்கிலம் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைதான் இடித்தது.

வினைச்சொல்லின் பின்னால் ஒரு சிறு சொல்லை ஒட்டிப் பொருளையே மாற்றிவிடுவது ஆங்கிலேயர் வழக்கம் என்று பழைய இலக்கணப் புத்தகம் ஒன்று தெரிவித்தது. அவர் அறிந்த கல்விமுறையோ ஒன்றே: சந்தை. ஒருவர் ஒருமுறை சொல்ல, கற்பவர் இருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். அவ்வினைகளைப் பாசுரம்போலப் பத்துப் பத்தாகக் கட்டினார்: கெட் பத்து, லுக் பத்து, புட் பத்து. மனைவி அரவிந்தவல்லி எழுத்துக்கூட்டிச் சொன்னாள்.

“லுக் ஆஃப்டர், பராமரித்தல்.”

ஸம்பத்குமார் இருமுறை முழங்கினார்.

“மெதுவாச் சொல்லுங்கோ. தீர்த்தம் குடுக்கறான்னு பக்கத்தாத்துல கிளம்பி வந்துடப்போறா.”

நேர்காணலில் மேலாளர் எளிதாகத்தான் கேட்டார்: “லுக் இன்டு என்றால் என்ன?”

ஸம்பத்குமாருக்குத் தெரியும். ஆனால் அது லுக் பத்தின் நடுவில் இருந்தது. நடுவில் தொடங்கும் பழக்கம் அவருக்கு இல்லை. தொடங்கிய பத்தை முடிக்காமல் விடுவதோ அபசாரம். கண்களை மூடி, “லுக் ஆஃப்டர்” என்று எடுத்தார். ஆராய்தல் என்ற விடை பிழையின்றி வந்து, நில்லாமல் கடந்தும் போயிற்று. மேலாளர் போதும் என்று கையைக் காட்டினார். மூடிய கண்களுக்குக் கை தெரியவில்லை.

கடைசி அடியை முறைப்படி இருமுறை சொல்லிக் கண்ணைத் திறந்தபோது, ஜன்னலில் ஆட்கள் நின்றிருந்தனர்.

“இன்னா சார், மிஷின் ஓடிக்கினு கீது, அதையும் மீறி ஐயரு குரலு உலைவரிக்கும் கேக்குது!” என்றார் மேஸ்திரி துலுக்காணம்.

“ஐயங்கார்,” என்று திருத்தினார் ஸம்பத்குமார்.

“யாரோ ஒருத்தரு. நம்ம மைக் செட்டு தெனம் பேஜாரு பண்ணுது. இவர வச்சிக்கலாம் சார்.”

குமாஸ்தா வேலை, சுருக்கமாகப் பதில் சொன்ன ஓர் இளைஞருக்குப் போயிற்று. ஸம்பத்குமாருக்கும் ஒரு வேலை கிடைத்தது: ஷிப்டு தொடங்கும்போது தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு விதிகளை உரக்கப் படிப்பது. தமிழில்.

“பன்னண்டு மாசமும் சம்பளம் உண்டா?” என்றாள் அரவிந்தவல்லி.

“உண்டு.”

“பின்னே மூஞ்சியை ஏன் இப்படி வச்சுண்டிருக்கேள்?”

“ஒரு வார்த்தைகூட இங்கிலீஷ் வேண்டாமாம்.”

முதல் நாள், விதிகள் அடங்கிய தாளை மடித்துப் பையில் வைத்தார். அவை அதற்குள் மனப்பாடம். “உலையருகே காலணியின்றி நிற்கலாகாது” என்று முழங்கி நிறுத்தினார். கூட்டம் விழித்தது.

“ரெண்டு தரம் திருப்பிச் சொல்லுங்கோ.”

“இன்னாத்துக்கு சாமி?”

“அப்போதான் பாடமாகும்.”

துலுக்காணம் தலையைச் சொறிந்தபடி தொடங்கினார், மற்றவர்கள் சேர்ந்துகொண்டனர். சிறிது நேரத்தில் மேலாளர் ஜன்னலில் தோன்றி, கடிகாரத்தையும் மூட்டாத உலையையும் காட்டி, போதும் என்று கையை அசைத்தார்.

ஸம்பத்குமார் கண்களை மூடியிருந்தார்.