தானாக உறுதி செய்

1.

இந்தக் கதை ஒரு போன் அழைப்பிலிருந்து வந்தது. கொடைக்கானலில் தங்குவதற்கு இணையத்தில் அறை கேட்டிருந்தேன். சற்று நேரத்தில் வீட்டுக்கார அம்மாவே அழைத்துவிட்டார். "எத்தன பேரு வர்றீங்க? குடும்பமா? தண்ணி கிண்ணி போடுவீங்களா?" பதில் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, வாங்க" என்றார். என் குரலில் எதைக் கேட்டு நம்பினாரோ தெரியவில்லை. அவரைத்தான் சோலையம்மாள் என்று பெயர் மாற்றி இங்கே கொண்டுவந்திருக்கிறேன். மற்றதெல்லாம் கற்பனை. அதற்கும் எனக்கு இப்போது தெம்பில்லை.

2.

முதல் தொடக்கம்: மலையிலிருந்து மூடுபனி மெல்ல இறங்கி...

வேண்டாம். கொடைக்கானல் என்றாலே ஆளாளுக்குப் பனியை இறக்குகிறார்கள்.

இரண்டாவது: மேனகா காலையிலிருந்து ஒரே தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'தொடங்குவது எப்படி?'

இது பரவாயில்லை. அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மேனகா கொடைக்கானல் நாயுடுபுரத்தில் வீட்டிலிருந்தபடி ஒரு சென்னைக் கம்பெனிக்கு உதவிப் பக்கம் எழுதுகிறாள். சுற்றுலாக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுபவர்கள் தங்கள் இணையதளத்தில் சேர்த்துக்கொள்ளும் ஒரு பிளக்-இன்னை, அதாவது குட்டி மென்பொருளை, எப்படி நிறுவுவது என்று படிப்படியாகச் சொல்லும் பக்கம் அது. சேர்த்துவிட்டால், அறை கேட்டவருக்கு அந்த மென்பொருளே 'உறுதி' என்று பதில் அனுப்பிவிடும். (அவள் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்ததைப் பற்றி ஒரு பத்தி எழுதி எடுத்துவிட்டேன். அதைக் காட்டி உங்களிடம் இரக்கம் வாங்க மனமில்லை.)

மேலாளர் சுவாமிநாதன் பட்டென்று சொல்லிவிட்டார். "யூசர் ஒரு தடவகூட போன் பண்ணாம இன்ஸ்டால் பண்ணி முடிக்கணும், மேனகா. முடிச்சா நீங்க பர்மனென்ட். இல்லேன்னா ஹெல்ப் பேஜை ஏஐ எழுதிக்கட்டும்னு மேல சொல்றாங்க."

3.

அந்தப் பக்கத்தைச் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டவர், மேனகாவுக்குப் பழக்கமான சோலையம்மாள்.* பக்கத்து மலைக்கிராமமான கவுஞ்சியில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். கணவர் இல்லை. மகளோடு மாடியில் இருந்துகொண்டு கீழே இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார்.

ஒத்திகையில் மேனகா எழுதியபடியே ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு போனார். எங்கும் தடுமாறவில்லை. 'தானாக உறுதி செய் என்பதை அழுத்தவும்' என்ற கடைசிப் படியில் நின்றார். மேனகாவின் போன் அடித்தது.

"என்னக்கா, புரியலையா?"

"புரியாம என்ன? நல்லாத்தான் எழுதிருக்க. இத அமுக்கிட்டா வர்றவங்ககிட்ட ஒரு வார்த்த பேச முடியாதுல்ல?"

"பேரு, நம்பரு எல்லாம் வந்துரும்க்கா."

"பேர வச்சு என்னத்தக் கண்டுபிடிக்க? சீசன்ல சோலி மலையாக் கெடந்தாலும், பேசாம நான் ரூம் குடுத்ததில்ல. வீட்டுல வயசுப்புள்ள இருக்கா, மேனகா."

அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. விளங்கியதால்தான் அழைத்தார். இதற்கு என்ன உதவிப் பக்கம் எழுதுவது?

* இவரைக் கொஞ்சம் வெகுளியாக எழுதியிருந்தால் கதை எனக்குச் சுலபமாக முடிந்திருக்கும்.

4.

"சார், அந்தப் படியை விருப்பம் இருந்தா செய்யலாம்னு போட்டுரலாமா?" சுவாமிநாதனிடம் கேட்டாள் மேனகா.

"அது இல்லாம பிளக்-இன் எதுக்கு? பயத்தப் போக்குற மாதிரி ஒரு லைன் சேருங்க. 'விருந்தினர்கள் சரிபார்க்கப்பட்டவர்கள்'னு."

"நாம சரிபாக்குறோமா சார்?"

"போன் நம்பர் வெரிஃபை ஆகுதுல்ல? போதும்."

மேனகா அந்த வரியை எழுதினாள். அழித்தாள். மறுபடியும் எழுதினாள். அது இருந்தால் சோலையம்மாள் அழுத்திவிடுவார். மேனகா எழுதியது என்பதற்காகவே அழுத்துவார்.

5.

முடிவு அ: வரியை எடுத்துவிடுகிறாள். போன் அடிக்கிறது, வேலை போகிறது. நல்ல பெண் என்பீர்கள். அவள் வீட்டு வாடகையை நீங்கள் கட்டப்போவதில்லை.

முடிவு ஆ: வரி இருக்கிறது. வருகிறவர்கள் தங்கமான குடும்பம். போகும்போது சோலையம்மாளின் மகளுக்கு... இதை எழுத எனக்கு ஒரு நிமிடம் போதும். யாரையும் ஒரே வரியில் நல்லவராக்கிவிடலாம். சுவாமிநாதனும் அதைத்தானே செய்தார்.

6.

நான் இழுத்துக்கொண்டிருக்கும்போதே மேனகா பக்கத்தை அனுப்பிவிட்டாள். வரியோடு. களைத்துப்போயிருந்தாள், வேறொன்றும் இல்லை.

மறுநாள் சோலையம்மாள் எல்லாப் படிகளையும் முடித்தார். போன் அடிக்கவில்லை. "சூப்பர், மேனகா" என்று சுவாமிநாதனிடமிருந்து செய்தி வந்தது. ஒரு தடவையாவது அடித்துவிடாதா என்று அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோதனைக் கணக்கு என்பதால், மதியம் சோலையம்மாள் வீட்டுக்கு வந்த முதல் முன்பதிவு மேனகாவின் திரையிலும் விழுந்தது. ஐந்து பேர். இன்றே வருகிறார்கள். உறுதி.

இப்போது அவள் விரல் சோலையம்மாளின் எண்ணின் மேல் இருக்கிறது. கூப்பிட்டு, அந்த வரி பொய் என்று சொன்னால் வேலை இருக்காது. கூப்பிடாவிட்டால் இருக்கும்.

வருகிறவர்கள் யாரென்று என்னிடம் கேட்காதீர்கள். நல்லவர்கள் என்றுதான் எழுதுவேன். எனக்கும் நிம்மதி வேண்டுமே. அவள் கூப்பிடட்டுமா, வேண்டாமா? நீங்கள் சொல்லுங்கள். வண்டி வத்தலக்குண்டைத் தாண்டி மலையேறிக்கொண்டிருக்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.