தேதி மட்டும் மாற்றிய அறிக்கை

பதினோரு நொடி வீடியோ. உடைமாற்றும் அறையில் எங்கள் அணியின் கேப்டன், வீரர்களுக்கு மசாஜ் செய்பவரைக் காதோடு சேர்த்து அறைகிறான். விடிவதற்குள் ஊரே பார்த்துவிட்டது. அவன் பெயர் கெடாமல் அறிக்கை எழுதத்தான் கிளப் என்னை வைத்திருக்கிறது.

அவசரத்தில் எங்கள் தொழிலில் யாரும் புதிதாக எழுதுவதில்லை. பழைய அறிக்கையைத் திறந்து ஆளையும் தேதியையும் மாற்றுவோம். அன்றும் போன வருடத்தினுடையதைத் திறந்தேன். "நண்பர்களுக்குள் சிறு மனவருத்தம். பேசித் தீர்த்துக்கொண்டார்கள்." அதே கேப்டன், அதே மசாஜ்காரர். தேதியைத் தவிர மாற்ற எதுவும் இல்லை. அப்போது வீடியோ கிடையாது, அரசல்புரசலான பேச்சுதான். அதை அமுக்கியவள் நான்.

அப்படியே அனுப்பச் சொன்னார் மேலாளர். மசாஜ்காரர் குடித்திருந்தார் என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் எடுபடுமாம். அந்த மனுஷன் குடியைத் தொட்டதே இல்லை என்பது அவருக்கும் தெரியும். மசாஜ்காரரிடம் கையெழுத்து வாங்கி வருவதாகச் சொல்லிக் கிளம்பினேன்.

மருத்துவமனை வராந்தாவில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். இடது காதில் பஞ்சு. செவிப்பறை கிழிந்துவிட்டது, திரும்பக் கேட்பது சந்தேகம் என்றார் அந்த அம்மா. நான் தாளை எடுத்ததுமே அவர் பேனாவுக்குக் கை நீட்டினார்.

"படிச்சுப் பாருங்கண்ணே."

"எதுக்கும்மா? போன தடவையும் நீங்கதான் வந்தீங்க. இனிமே நடக்காது, நான் பாத்துக்கறேன்னீங்க. நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தாளைக் கிழித்துவிட்டு அங்கேயே புதிதாக எழுதினேன்: கேப்டன் அடித்தான், போன வருடமும் அடித்தான், அன்றைய அறிக்கை பொய், எழுதியது நான். வெளியிடலாமா என்று இருவரிடமும் கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

கிளப்புக்குத் திரும்பி, நிருபர்களிடம் வாசிக்கச் சொல்லிக் கேப்டனிடம் அதை நீட்டினேன்; மறுத்தான். "என்னைக் காப்பாத்தத்தானேக்கா நீங்க இருக்கீங்க?"

"போன வருஷம் காப்பாத்தினேன். அதான் இப்ப அவருக்குக் காது போச்சு."

நிருபர்கள் முன்னால் நானே வாசித்தேன். வாசலிலேயே அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். மசாஜ்காரரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள்.

தெருவில் நின்று மருத்துவமனைக்குப் போன் செய்தேன். அந்த அம்மா அவரிடம் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். அழுதேவிட்டேன். பழக்கத்தில் போனை இடது காதில் வைத்திருப்பார் போல.

"ஹலோ, யாரு? ஒண்ணும் கேக்கலையே."

முதலிலிருந்து சொன்னேன்.